துணியில் இருந்த ரத்தம் யாருடையது? காரைக்குடிப் பக்கத்து நிகழ்வு ஆய்வு ஒன்று

ஆண் குழந்தை. பிறந்து 60 மணி நேரம் ஆகியிருந்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து, காலை ஏழு மணி வாக்கில் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். முதலில் இறங்கியவர் பெண்ணைப் பெற்ற ஆச்சி. அவர் கையில் நாலாக மடித்த பழைய வேட்டித் துணி இருந்தது. குழந்தையை நான் பார்ப்பதற்கு முன்பே அந்தத் துணியை விரித்து மேஜையில் வைத்துவிட்டார்.

"தம்பி, பால் கக்குச்சு. அதோட ரத்தமும் வந்துருக்கு, பாருங்க. ரெண்டு தடவை."

திரிந்த பால் துணுக்குகளுக்கு நடுவே ரத்தம் கோடு கோடாக இருந்தது. கருக்கவில்லை, நல்ல சிவப்பு. ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. ஆச்சி அந்தத் துணியைத் துவைக்காமல் கொண்டுவந்ததுதான் இந்த நிகழ்வு முழுவதற்கும் ஆதாரம். பெரும்பாலான வீடுகளில் பதறிப்போய் முதல் வேலையாகத் துணியை அலசிவிடுவார்கள். பச்சிளங்குழந்தைக்கு வாயிலோ மலத்திலோ ரத்தம் தெரிந்தால் அந்தத் துணியை அப்படியே கொண்டுவாருங்கள் என்று நான் பார்க்கும் எல்லோரிடமும் சொல்லிவருகிறேன்.

தலைப்பிரசவம். நிறைமாதம், சுகப்பிரசவம், பிறந்த எடை 2.9 கிலோ. முந்தின நாள் மாலைதான் ஆஸ்பத்திரியிலிருந்து தாய் வீட்டுக்கு வந்திருந்தார்கள். குழந்தையின் அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். போனில் முகம் காட்டிக்கொண்டே கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குழந்தையைத் தூளித்துணியிலிருந்து எடுத்ததும் எனக்குப் பாதிக் கவலை விட்டது. கைகால் ஆட்டி நன்றாக அழுதான். நிறம் ரோஜா நிறம். நாடித்துடிப்பு 136, மூச்சு நிமிடத்துக்கு 44, பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 98 சதவீதம். எடை 2.75 கிலோ. முதல் சில நாளில் எல்லாக் குழந்தையும் இழக்கும் அளவுதான் அது. வயிறு மெத்தென்று இருந்தது. தொப்புள்கொடி அடியில் கசிவு இல்லை, தோலில் ரத்தப்புள்ளிகள் இல்லை, மலம் கரும்பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது.

மீதிப் பாதிக் கவலை டிஸ்சார்ஜ் சீட்டில் இருந்தது. பிறந்தவுடன் போட வேண்டிய வைட்டமின் கே ஊசிக்கான கட்டம் காலியாக இருந்தது. போட்டுவிட்டு எழுத மறந்திருக்கலாம். போடாமலே விட்டிருக்கவும் கூடும். ரத்தம் உறைய வேண்டுமென்றால் கல்லீரலுக்கு வைட்டமின் கே வேண்டும். அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்கு மிகக் குறைவாகத்தான் போகும், தாய்ப்பாலிலும் குறைவு. அதனால் ஊசி போடாத குழந்தைகள் சிலருக்கு இரண்டாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் வயிற்றிலோ தொப்புளிலோ ரத்தக்கசிவு வரும். இந்தக் குழந்தை சரியாக அந்த நாட்கணக்கில்தான் இருந்தான்.

அம்மாவுக்கு 24 வயது. ஏழாம் மாதம் பார்த்த ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு 9.4 கிராம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலச்சிக்கல் ஆகிறது என்று விட்டு விட்டுத்தான் சாப்பிட்டிருக்கிறார். பால் கொடுக்கும்போது வலிக்கிறதா என்று கேட்டேன். ஆச்சியைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம்" என்றார். நர்ஸ் தனியாக அழைத்துப்போய்ப் பார்த்தபோது வலது காம்பின் அடிப்பக்கத்தில் நெல் நீளத்துக்கு ஒரு வெடிப்பு இருந்தது. அதன் விளிம்பில் ரத்தம் காய்ந்திருந்தது. இரண்டு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பால் கொடுத்திருக்கிறது அந்தப் பெண். முதல் பிள்ளைக்காரி வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவது இங்கே வழக்கம்தான். நாம்தான் கேட்க வேண்டும்.

சரி, வெடிப்பு இருக்கிறது. ரத்தம் அங்கிருந்துதான் வந்தது என்று அத்தோடு முடிவு கட்டிவிடலாமா? முடியாது. வெடிப்பும் இருந்து, குழந்தைக்கு உள்ளே கசிவும் இருந்தால்? ஒன்றைப் பார்த்த திருப்தியில் மற்றதை விட்டுவிட்டால் அது உயிர் விஷயம். வைட்டமின் கே 1 மில்லிகிராம் தொடையில் உடனே போட்டோம். இதற்கு எந்த முடிவும் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ரத்தம் உறையும் நேரம் பார்க்க மாதிரி எடுத்து அனுப்பினோம், அதன் முடிவு வரச் சாயங்காலம் ஆகும். அதற்குள் தெரிய வேண்டிய ஒரே கேள்வி, துணியில் இருக்கிற ரத்தம் அம்மாவுடையதா, பிள்ளையுடையதா என்பதுதான்.

மூன்று டியூப்

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1955-இல் லெனார்ட் ஆப்ட் என்ற குழந்தை மருத்துவர், டௌனி என்பவரோடு சேர்ந்து வெளியிட்டது. அவர் பெயரிலேயே ஆப்ட் சோதனை என்கிறோம். பெரிய கருவி எதுவும் வேண்டாம். காஸ்டிக் சோடா (சோடியம் ஹைட்ராக்சைடு), வடிநீர், சென்ட்ரிஃப்யூஜ் போதும். எங்கள் லேபில் இருபது வருடமாக இருக்கும் டெக்னீஷியன் அண்ணனுக்கு இது அத்துபடி. புட்டியிலிருந்து சோடியம் ஹைட்ராக்சைடு வில்லைகளை எடுத்தார். வெளியே எடுத்து வைத்த நொடியிலிருந்து அவை காற்றின் ஈரத்தைக் குடித்து வியர்க்க ஆரம்பித்துவிடும், அதனால் சட்டென்று நிறுத்தாக வேண்டும். 1 கிராம் எடுத்து வடிநீரில் கரைத்து 100 மில்லி ஆக்கினார். 1 சதவீதக் கரைசல் தயார்.

துணியில் ரத்தம் பட்ட இடத்தை மட்டும் கத்தரித்து வடிநீரில் ஊறப்போட்டார். வடிநீர் ஏன் என்றால், உப்பில்லாத தண்ணீரில் சிவப்பணுக்கள் ஊதி வெடித்து உள்ளே இருக்கும் ஹீமோகுளோபினைத் தண்ணீரில் விட்டுவிடும். நமக்கு வேண்டியது அதுதான். பால் திரிவு அடியில் தங்கட்டும் என்று சென்ட்ரிஃப்யூஜில் சுற்றியதும் மேலே தெளிந்த இளஞ்சிவப்பு நீர் நின்றது. அதில் ஐந்து பங்கு எடுத்து முதல் டியூப்பில் ஊற்றினார். இரண்டாவது டியூப்பில் குழந்தையின் குதிகாலிலிருந்து எடுத்த ரத்தம், மூன்றாவதில் அம்மாவின் விரலிலிருந்து எடுத்தது. இரண்டையும் அதே அளவுக்கு வடிநீரில் கலந்து வைத்தார். பார்வைக்கு மூன்றும் ஒரே நிறம். பன்னீர்ச் சோடா மாதிரி.

மூன்றிலும் ஒவ்வொரு பங்கு காஸ்டிக் சோடாக் கரைசல் விட்டார். இரண்டு நிமிடம்.

ஆச்சியையும் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டேன். அம்மாவின் டியூப் முதலில் மாறியது. இளஞ்சிவப்பு மங்கி, மஞ்சளோடி, கடைசியில் கடுங்காப்பியில் தண்ணீர் விட்ட பழுப்பு. குழந்தையின் டியூப் அசையவில்லை, அதே இளஞ்சிவப்பு. துணியிலிருந்து வந்த டியூப் அம்மாவின் டியூப்போடு சேர்ந்து பழுப்பாகிவிட்டது.

குழந்தை கக்கியது தாய் ரத்தம். காம்பு வெடிப்பில் கசிந்ததைப் பாலோடு சேர்த்து விழுங்கியிருக்கிறான். ரத்தம் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் கக்கியிருக்கிறான். சாயங்காலம் வந்த ரத்தம் உறையும் நேரமும் அந்த வயதுக்குச் சரியாகவே இருந்தது.

ஆச்சிக்கு நிம்மதி வந்தது. ஆனால் அவர் கண் டியூப்பை விட்டு நகரவில்லை.

"ஆத்தா ரத்தமும் பிள்ளை ரத்தமும் ஒண்ணுதானே தம்பி? பத்து மாசம் இவ ரத்தத்துலதானே வளந்துச்சு? அப்புறம் எப்படி ஒண்ணு நிறம் மாறுது, ஒண்ணு மாறலை?"

நான் படித்த காலத்தில் எந்தப் பேராசிரியரும் இவ்வளவு நேராக இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. அன்று ஆச்சிக்குச் சொன்னதையும், நேரமில்லாமல் விட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாலு இலைப் பந்தி

தாய் ரத்தம் குழந்தைக்குள் ஓடுவதில்லை. நம் பக்கத்து வீடுகளில் இரண்டு பங்காளி வீட்டுக்கு நடுவே ஒரே சுவர் நிற்குமே, அதுபோல நஞ்சுக்கொடியில் இரண்டு ரத்தத்துக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர் இருக்கிறது. ஆக்ஸிஜனும் உணவுச்சத்தும் அதைத் தாண்டும், அணுக்கள் தாண்டுவதில்லை. கொஞ்சம் குழந்தையின் அணுக்கள் தாய்ப் பக்கம் கசிவதுண்டு. தாய் ஆர்ஹெச் நெகட்டிவாக இருந்தால் அதுவும் முக்கியமாகிவிடும். ஆனாலும் குழந்தையின் ரத்தம் குழந்தையே செய்துகொண்டது. முதலில் கருவின் மஞ்சட்கருப் பையில், பிறகு பெரும்பாலும் கல்லீரலில், கடைசி மாதங்களில் எலும்பு மஜ்ஜையில்.

அப்படிச் செய்யும்போது அது அம்மாவுடைய அச்சில் வார்ப்பதில்லை. ஹீமோகுளோபின் நாலு புரதச் சங்கிலிகள் சேர்ந்த ஒரு மூலக்கூறு. ஒவ்வொரு சங்கிலிக்குள்ளும் ஹீம் என்ற தட்டு, அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. ஓர் இரும்புக்கு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு, ஆக மொத்தம் நாலு. பெரியவர்களுக்கு இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா சங்கிலி. கருவில் இருக்கும் குழந்தைக்கு ஆல்ஃபா அதேதான், பீட்டாவுக்குப் பதிலாகக் காமா. பீட்டாவுக்கும் காமாவுக்கும் நீளம் ஒன்றுதான், 146 அமினோ அமிலங்கள். அவற்றில் 39 இடங்களில் வேறுபாடு.

இந்த நாலு இடங்களும் தனித்தனியாக வேலை செய்வதில்லை. கல்யாண வீட்டில் இலை போட்டதும் யார் முதலில் உட்காருவது என்று எல்லோரும் நின்றுகொண்டிருப்பார்கள். ஒருவர் உட்கார்ந்துவிட்டால் போதும், அடுத்த இலைகள் தானாக நிறையும். எழும்போதும் அப்படித்தான். ஒருவர் இலையை மூடிவிட்டு எழுந்தால் மற்றவர்களும் எழுந்துவிடுவார்கள். ஹீமோகுளோபின் நாலு இலைப் பந்தி. முதல் ஆக்ஸிஜன் வந்து ஒட்டுவதுதான் கஷ்டம். அது ஒட்டியதும் இரும்பு தட்டின் தளத்துக்கு இழுபடும், அதோடு சங்கிலியும் நகரும், பக்கத்துச் சங்கிலிகளின் இறுக்கம் தளரும், அடுத்தடுத்த ஆக்ஸிஜன்கள் எளிதாக உட்காரும். நுரையீரலில் ஆக்ஸிஜன் அழுத்தம் 100 மில்லிமீட்டர் பாதரச அளவில் இருக்கும், அங்கே பந்தி நிறைந்துவிடும். ஓய்வாக இருக்கும்போது திசுக்களைக் கடந்து வரும் ரத்தத்தில் அழுத்தம் 40 ஆகிவிடும், அப்போது நாலில் ஒன்று எழுந்துபோயிருக்கும். ஓடியாடி வேலை செய்தால் இன்னும் எழும். இந்தச் சங்கிலி நகர்வைக் கண்ணுக்குக் காட்டியவர் மாக்ஸ் பெருட்ஸ். 1937-இல் ஹீமோகுளோபினைக் கையில் எடுத்து, 1959-இல்தான் அதன் வடிவத்தைக் கண்டார். 1962-இல் ஜான் கென்ட்ரூவோடு நோபல் பரிசு பெற்றார்.

பந்தி பாதி நிறைய எவ்வளவு அழுத்தம் வேண்டும்? ஹீமோகுளோபினை எடைபோட இதுதான் தராசு. பெரியவர்களுக்கு சுமார் 27 மில்லிமீட்டர். கருவின் ரத்தத்துக்கு 20-ஐ ஒட்டி. இந்த ஏழு மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் நாம் எல்லோரும் பிறந்து வந்திருக்கிறோம்.

கருவுக்குச் சொந்த நுரையீரல் வேலை செய்யாது. நஞ்சுக்கொடியிலிருந்து தொப்புள்கொடி வழியாக அதற்கு வரும் நல்ல ரத்தத்திலேயே அழுத்தம் 30 சொச்சம்தான். வளர்ந்தவரின் ஹீமோகுளோபின் அந்த அழுத்தத்தில் 60 சதவீதத்தைக்கூட எட்டாது. கருவின் ஹீமோகுளோபின் 80 சதவீதம் நிறைந்துவிடும். ஆச்சியின் பேரனையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் அவன் ஹீமோகுளோபின் 16.8 கிராம். ஒரு கிராம் 1.34 மில்லி ஆக்ஸிஜன் பிடிக்கும். கருவிலும் ஏறக்குறைய இதே அளவு இருந்தது என்று வைத்தால், 100 மில்லி ரத்தத்தில் 18 மில்லி ஆக்ஸிஜன். அம்மாவின் 9.4 கிராமில், நுரையீரலிலிருந்து புதிதாக வந்த ரத்தத்திலேயே 12 மில்லிதான். மூச்சே விடாத பிள்ளையின் ரத்தத்தில் மூச்சு விடும் அம்மாவின் ரத்தத்தைவிட அதிக ஆக்ஸிஜன். இந்தக் கணக்கை ஒவ்வொரு முறை போடும்போதும் எனக்குச் சிலிர்க்கும்.

காமா சங்கிலிக்கு இந்தப் பிடிப்பு எங்கிருந்து வந்தது? உண்மையில் வெறும் ஹீமோகுளோபினைத் தனியாகப் பிரித்து வைத்தால் இரண்டுக்கும் பிடிப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசத்தை உண்டாக்குவது சிவப்பணுவுக்குள் இருக்கும் டிபிஜி என்ற சின்ன மூலக்கூறு. 1967-இல்தான் அதன் வேலை வெளிச்சத்துக்கு வந்தது. நாலு சங்கிலிக்கும் நடுவே உள்ள குழியில் ஆப்பு மாதிரி போய் உட்கார்ந்துகொண்டு, ஹீமோகுளோபினை ஆக்ஸிஜனை விட்டுவிடும் நிலையிலேயே நிறுத்தி வைக்கும். அந்த ஆப்புக்கு எதிர்மின்னூட்டம் அதிகம். பீட்டா சங்கிலியின் 143-ஆவது இடத்தில் இருக்கும் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் நேர்மின்னூட்டத்தோடு அதை இழுத்துப் பிடிக்கும். காமாவில் அந்த இடத்தில் செரின். மின்னூட்டம் இல்லை, ஆப்பு சரியாக நிற்பதில்லை. ஓர் எழுத்து மாறினால் சொல் மாறுகிற கதைதான்.

தாய்க்கோ கர்ப்பத்தில் டிபிஜி கூடும், ரத்தசோகையிலும் கூடும். அவள் ரத்தம் ஆக்ஸிஜனை இன்னும் எளிதாக விட்டுக்கொடுக்கும். போதாததற்குக் கருவிலிருந்து கரியமில வாயுவும் அமிலமும் தாய்ப் பக்கம் போகின்றன. அமிலம் ஏறினால் ஹீமோகுளோபினின் பிடி தளரும். 1904-இல் கிறிஸ்தியான் போர் என்ற விஞ்ஞானி கண்ட விளைவு இது. தாய்ப் பக்கம் அமிலம் ஏறி பிடி தளர, அதே நேரத்தில் பிள்ளைப் பக்கம் அமிலம் இறங்கி பிடி இறுகுகிறது. ஒரே இடத்தில் இரண்டு பக்கமும் நடக்கிறது.

இவ்வளவு இறுக்கிப் பிடித்தால் கருவின் திசுக்களுக்கு எப்படி விடும் என்று ஹவுஸ் சர்ஜன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கருவின் திசுக்களிலிருந்து திரும்பும் ரத்தத்தில் அழுத்தம் 20-ஐ ஒட்டித்தான் இருக்கிறது. சரியாக அந்த இடத்தில்தான் அதன் பந்தி சடசடவென்று எழுகிறது.

அப்புறம் அந்த நிறம். காஸ்டிக் சோடா மாதிரிக் காரம் பட்டால் புரதம் அவிழ்ந்து, ஹீம் பழுப்பு நிற ஹெமட்டினாகிவிடும். சங்கிலிகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும் உள்பக்கத்தில் பீட்டாவின் 112-ஆவது இடத்தில் சிஸ்டீன் இருக்கிறது. காரம் அதன் புரோட்டானைப் பிடுங்கி அங்கே மின்னூட்டத்தை உண்டாக்குவதால் கட்டு குலைகிறது. காமாவில் அந்த இடத்தில் திரியோனின். காரத்துக்குப் பிடி கிடைப்பதில்லை. பிறந்த குழந்தையின் ரத்தம் காரத்தை எதிர்த்து நிற்கும் என்பதை 1866-இலேயே கோர்பர் என்பவர் கண்டுவிட்டார். ஏன் என்று சொல்லத்தான் நூறு வருடத்துக்கு மேல் ஆனது.

நம்பக் கூடாத இடங்கள்

இந்தச் சோதனையை நான் மதிக்கிறேன், அதனாலேயே இதன் எல்லையைச் சொல்லியாக வேண்டும். கருத்த மலத்தையோ காப்பித்தூள் மாதிரி வந்த வாந்தியையோ வைத்துச் செய்யக் கூடாது. வயிற்று அமிலம் பட்டு ஏற்கெனவே பழுப்பாகிவிட்ட ரத்தம் அது. யாருடையதாக இருந்தாலும் "தாய் ரத்தம்" என்றே பொய் சொல்லும், குழந்தையின் கசிவை மறைத்துவிடும். குழந்தைக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அவன் உடம்பிலேயே பெரியவர் ரத்தம் ஓடும், அங்கேயும் இந்தக் கணக்கு செல்லாது. தாய்க்குத் தலசீமியா என்ற பரம்பரை ரத்தநோய் வகை ஏதாவது இருந்து கரு ஹீமோகுளோபின் கூடுதலாக இருந்தாலும் குழப்பம்தான். அதற்காகத்தான் மூன்று டியூப். அம்மாவின் டியூப் பழுப்பாகி, பிள்ளையின் டியூப் சிவப்பாக நின்றால்தான் துணி டியூப்பின் பேச்சை நம்பலாம்.

முடிவு எப்படி வந்தாலும் சோர்ந்த குழந்தை, வயிறு உப்பிய குழந்தை, பச்சையாக வாந்தி எடுக்கும் குழந்தை என்றால் டியூப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கக் கூடாது.

பிறகு

ஆச்சி அடுத்துக் கேட்டது, "அப்ப பாலை நிறுத்திட்டுச் சீனித்தண்ணி குடுக்கவா?" வேண்டவே வேண்டாம் என்றேன். விழுங்கிய ரத்தம் கேடு செய்யாது, பாலை நிறுத்தினால்தான் கேடு. குழந்தை காம்பை மட்டும் கவ்விக்கொண்டிருந்ததுதான் வெடிப்புக்குக் காரணம். நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து, வாயை அகலத் திறந்ததும் காம்பைச் சுற்றியுள்ள கருவளையமும் உள்ளே போகும்படி பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதல் நாலு வாய் வலித்தது, பிறகு அந்தப் பெண்ணின் தோள் இறங்கியதை நானே பார்த்தேன். பால் கொடுத்து முடித்ததும் ஒரு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றாட விடச் சொன்னோம். ஐந்தாம் நாளில் வெடிப்பு மூடிவிட்டது, ரத்தம் மறுபடி வரவில்லை. அம்மாவின் இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்குப் பிறகு ராத்திரியில் போடச் சொல்லி, மலச்சிக்கலுக்கும் வழி செய்தோம்.

பத்தாவது வாரம் மறுபடி பதறிக்கொண்டு வந்தார்கள். வேறொரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்திருக்கிறார்கள், ஹீமோகுளோபின் 10.4. "பதினாறு இருந்தது பத்தாயிருச்சே தம்பி!" குழந்தை சிரித்துக்கொண்டு கொழுகொழுவென்று இருந்தான். இது நோய் இல்லை. வெளியே வந்ததும் காற்றில் ஆக்ஸிஜன் தாராளம். இவ்வளவு சிவப்பணு தேவையில்லை என்று உடம்பு உற்பத்தியைக் குறைத்துக்கொள்கிறது. பழைய காமா அணுக்கள் வயதாகி உதிர, பீட்டா அணுக்கள் மெல்ல அந்த இடத்துக்கு வருகின்றன. பிறக்கும்போது 60 முதல் 80 சதவீதம் இருந்த கரு ஹீமோகுளோபின் ஒரு வயதுக்குள் ஒன்றிரண்டு சதவீதமாகிவிடும். டிபிஜி ஆப்பு இப்போது சரியாகப் போய் உட்காருவதால் கிராம் குறைந்தாலும் திசுக்களுக்கு ஆக்ஸிஜன் தடையில்லாமல் கிடைக்கும். மருந்து எழுதாமல் அனுப்பினேன்.

ஒன்பதாம் மாதம் தட்டம்மை ஊசிக்கு வந்தார்கள். ஹீமோகுளோபின் பார்க்க விரலில் குத்தியதில் ஒரு சொட்டு மிச்சம் இருந்தது. டெக்னீஷியன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டினேன். வடிநீர், காஸ்டிக் சோடா, இரண்டு நிமிடம். ஆச்சி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு டியூப் பக்கம் குனிந்தார். இளஞ்சிவப்பு மங்கி மஞ்சளோடியது, பிறகு பழுப்பு.

"அட, இப்ப ஆத்தா மாதிரியே ஆயிருச்சே" என்றார். பேரன் அவர் இடுப்பில் இருந்தபடி டியூப்பைப் பிடிக்கக் கையை நீட்டினான்.